பணவீக்கம் 1.1 விழுக்காடாம், விலை ஏன் இறங்கவில்லை?

23 ஜூலை 2025

சுங்கை சிப்புட் டவுனிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "மலேசியாவில் ஜூன் மாதப் பணவீக்கம் 1.1 விழுக்காடு என்று செய்தியில் வந்தது. நாலு வருஷத்தில் இதுதான் குறைவாம். நேற்று மார்க்கெட்டுக்குப் போனேன், எதுவும் குறைந்த மாதிரி தெரியவில்லை. இந்த எண்களை யாருக்காகப் போடுகிறார்கள்? நம்மை ஏமாற்றுகிறார்களா அக்கா?"

23 ஜூலை 2025, இரவு

ஏமாற்று வேலை இல்லை தம்பி. நீங்கள் கேட்கும் கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். போன வருஷம் ஜூனில் ஒரு கூடை சாமான் 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) வந்தது என்றால், இந்த ஜூனில் அதே கூடை 101 வெள்ளி 10 காசு. 1.1 என்பது இதைத்தான் சொல்கிறது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று பொருள், விலை இறங்கியது என்று பொருள் இல்லை. தென்னை மரத்தில் ஏறுகிறவர் பாதியில் மெதுவாக ஏற ஆரம்பித்தால் அவர் கீழே வந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

உயரத்தைப் பார்க்க வேண்டுமானால் வருஷங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். 2021இல் 2.5, 2022இல் 3.3, 2023இல் 2.5, 2024இல் 1.8. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்ன எண்கள்தான், வெளிநாடுகளோடு ஒப்பிட்டால் மலேசியா நன்றாகவே சமாளித்தது என்றுகூடச் சொல்லலாம். நாலையும் பெருக்கிப் பாருங்கள்: 100 வெள்ளிக் கூடை 110 வெள்ளி 50 காசுக்கு வந்து நிற்கிறது. இந்த நாலு வருஷத்தில் ஏறியது எதுவும் திரும்பி வரவில்லை. நீங்கள் மார்க்கெட்டில் பார்ப்பது இந்த உயரத்தை. செய்தியில் வருவது கடைசி 12 மாத ஏற்றம் மட்டும். இரண்டும் உண்மைதான்.

24 ஜூலை 2025

நேற்று "கூடை" என்று எழுதியதை இன்று கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கோபம் அந்தக் கூடையில்தான் இருக்கிறது.

புள்ளிவிவரத் துறை 573 பொருள்களின் விலையைப் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. மக்கள் சராசரியாக எதற்கு எவ்வளவு செலவு செய்கிறார்களோ அதற்குத் தகுந்த எடை. உணவுக்கும் பானத்துக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 30 விழுக்காடு. வீட்டு வாடகை, தண்ணீர், கரண்ட், கேஸ் எல்லாம் சேர்ந்து கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இது நாட்டுச் சராசரி. குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் சாப்பாட்டுக்கே பாதி போய்விடலாம். உணவு விலை 5 விழுக்காடு ஏறி, மற்றதெல்லாம் அசையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக் கூடைக்கு 1.5 விழுக்காடு ஏறும், அந்த வீட்டுக்கு 2.5. ஒரே மாதம், ஒரே கடை, இரண்டு பணவீக்கம்.

இப்போது நடப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். உணவுப் பிரிவு மொத்தத்தைவிட வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது, வெளியே சாப்பிடும் சாப்பாடு அதைவிட வேகம். தகவல் தொடர்புப் பிரிவு இறங்கி, மொத்தத்தைக் கீழே இழுக்கிறது. போன் பிளான் மலிவானது நிஜம், நானும் கொஞ்சம் குறைவாகத்தான் கட்டுகிறேன். ஆனால் போன் பிளானில் மிச்சமானது நாசி லெமாக் பொட்டலத்துக்குப் போய்விடுகிறது.

3,000 வெள்ளிக்குக் கீழ் வருமானம் உள்ள குடும்பங்களுக்கென்று தனிக் குறியீடும் துறை போடுகிறது. தலைப்புச் செய்தியில் அது வராது, அறிக்கைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். தோட்டப் பக்கம் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

24 ஜூலை 2025, இரவு

அம்மா மளிகைச் சீட்டுகளைத் தூக்கிப் போட மாட்டார், அடுப்படிச் சுவரில் ஒரு ஆணியில் குத்தி வைப்பார். இன்று சாயங்காலம் அந்தக் கட்டைக் கழற்றிப் புரட்டினேன். அடியில் இருப்பதெல்லாம் மை மங்கிப் போய் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2.50, பழைய சீட்டிலும் 2.50, புதுச் சீட்டிலும் 2.50. சீனி கிலோ 2.85, இரண்டிலும் அதேதான். 10 கிலோ உள்ளூர் அரிசி 26 வெள்ளி, அதுவும் அப்படியே. அரசாங்கம் விலை கட்டிய பொருள்கள் இவை, மாற்றம் 0.

ஆனால் 2023 கடைசிப் பகுதிச் சீட்டுகளில் அந்த 26 வெள்ளி வரியையே காணோம். உள்ளூர் அரிசி கடையில் இல்லாத சமயம் அது. அந்த செப்டம்பரில் அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200க்கு ஏற்றியது, 36 விழுக்காடு. உள்ளூர் அரிசியின் கட்டுப்பாட்டு விலை மாறவே இல்லை, அந்த வகையில் மாற்றம் 0தான். அம்மா வாங்கியதோ இறக்குமதி அரிசி, அதுவும் ஏறிய விலையில். எங்கள் வீட்டு அரிசிச் செலவு எகிறியதற்குக் காரணம், ஏறாத பொருள் அலமாரியில் இல்லாமல் போனது. ஒரு பொருளின் விலை மாற்றம் 0 என்று யாராவது காட்டினால், அந்த விலைக்கு அது கிடைத்ததா என்றும் கேளுங்கள்.

26 ஜூலை 2025

கூலிம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "2021இல் பணவீக்கம் 4.7 வரை போனதே, அப்போது ஒன்றும் பெரிதாக ஏறியதாக ஞாபகம் இல்லை. இப்போது 1.1 என்கிறார்கள், கழுத்தை நெரிக்கிறது. தலைகீழாக இருக்கிறதே." நல்ல கேள்வி. இதை விளக்கினால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

2021 ஏப்ரலில் 4.7 விழுக்காடு. எதோடு ஒப்பிட்டு? 2020 ஏப்ரலோடு. அந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும், நடமாட்டக் கட்டுப்பாடு, சாலையில் ஈ காக்கா இல்லை. உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்து, இங்கே ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.25 வெள்ளி வரை இறங்கியது. அந்த மாதப் பணவீக்கம் மைனஸ் 2.9. ஒரு வருஷம் கழித்து ரோன்95 2.05இல் நின்றது. 1.25இலிருந்து 2.05 என்றால் 64 விழுக்காடு. ஆனால் 2.05 என்பது முன்பு நாம் பார்க்காத விலை கிடையாது, பழைய இடத்துக்குத் திரும்பி வந்ததுதான். பள்ளத்தில் கால் வைத்து அளந்ததால் ஏற்றம் மலை மாதிரித் தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். 100 வெள்ளிக் கூடை 2020 ஏப்ரலில் 97.10 ஆனது, அதன் மேல் 4.7 ஏறினால் 101.66. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 1.7 விழுக்காடு கூட இல்லை. அண்ணனின் ஞாபகம் சரிதான், பெரிதாக ஒன்றும் ஏறவில்லை.

ஜிடிபியிலும், அதாவது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும், இதே கதை. 2020 இரண்டாம் காலாண்டில் மைனஸ் 17.1. அடுத்த வருஷம் அதே காலாண்டில் பிளஸ் 16.1. அப்போது பலர் "விட்டதைப் பிடித்துவிட்டோம்" என்று பேசினார்கள். 100 என்பது 82.9 ஆகி, அதில் 16.1 ஏறினால் 96.2. இன்னும் கிட்டத்தட்ட 4 விழுக்காடு பள்ளத்தில்தான் இருந்தோம். 2022 மூன்றாம் காலாண்டில் 14.2 வந்ததற்கும் காரணம் இதுதான், அதற்கு முந்தைய வருஷம் அந்தக் காலாண்டில் நாடு மறுபடி முடங்கிக் கிடந்தது.

பெரிய எண்ணைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது போன வருஷத்து எண்ணை.

27 ஜூலை 2025

இறங்குவதும் ஏறுவதும் ஒரே எண்ணில் சரியாகாது என்பதற்கு செம்பனையைவிட நல்ல உதாரணம் நமக்கு வேண்டாம். 2022இல் கச்சா செம்பனை எண்ணெய் சராசரி விலை டன்னுக்கு சுமார் 5,088 வெள்ளி. 2023இல் சுமார் 3,810. கிட்டத்தட்ட 25 விழுக்காடு வீழ்ச்சி. 2024இல் சுமார் 4,180, அதாவது 9.7 விழுக்காடு ஏற்றம். "25 போச்சு, 10 வந்துச்சு, இன்னும் 15தான் பாக்கி" என்று காப்பிக் கடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு நிற்காது. 5,088க்கும் 4,180க்கும் இடையில் 18 விழுக்காடு வித்தியாசம். 3,810இலிருந்து பழைய இடத்துக்குப் போக வேண்டுமானால் 33 விழுக்காட்டுக்கு மேல் ஏற வேண்டும். சிறுத்துப்போன தொகையின் மேல்தான் அடுத்த விழுக்காடு ஏறுகிறது.

சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள் 2022 விலையை மனதில் வைத்துக் கடன் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். உரம் அந்த வருஷம் தாறுமாறாக ஏறியிருந்தது, குலை விலை நல்லபடி இருந்ததால் யாரும் யோசிக்கவில்லை. அடுத்த வருஷம் தவணை அப்படியே நின்றது, குலை விலை நிற்கவில்லை.

2 ஆகஸ்ட் 2025

"விழுக்காட்டுப் புள்ளி என்கிறார்களே, அதுவும் விழுக்காடும் ஒன்றா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தோட்டத்துக்காரர்களுக்கு இது ஏற்கனவே தெரியும், பெயர்தான் தெரியாது.

எங்களுக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கிறது, குலையை எடை போடும் இடத்தில் கொடுக்கும் சீட்டை நான்தான் வாங்கி வைப்பேன். குலைக்கு விலை போடுவது எண்ணெய் எடுப்பு விழுக்காட்டை வைத்து, அதாவது குலையின் எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் கிடைக்கும் என்பதை வைத்து. ஒரு விழுக்காட்டுக்கு இத்தனை வெள்ளி என்று விலை. ஒரு விழுக்காடு 43 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எடுப்பு 20 என்று போட்டால் டன்னுக்கு 860 வெள்ளி. குலையைக் காலால் புரட்டிப் பார்த்து, "காய் கலந்திருக்கு" என்று 19 போட்டால் 817. "ஒரு பெர்சென்ட்தானே குறைச்சேன்" என்பார்கள். 20இலிருந்து 19 ஒரு விழுக்காட்டுப் புள்ளி, சரி. பணத்தில் அது 5 விழுக்காடு. பத்து டன் போட்டால் 430 வெள்ளி. அந்த ஒற்றை இலக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நிற்பதற்கும் தெரியாமல் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. நான் இப்போது குலை இறக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன், எது காய் என்று காட்டச் சொல்வேன்.

இதே மாதிரிதான் சேவை வரி. 2024 மார்ச்சில் 6இலிருந்து 8 ஆனது. ஏறியது 2 விழுக்காட்டுப் புள்ளி. வரியை மட்டும் பார்த்தால் 33 விழுக்காடு ஏறியது. 106 வெள்ளி பில் 108 ஆனதைப் பார்த்தால் 1.9 விழுக்காடு. மூன்றுமே சரி. எதிர்க்கிறவர் 33ஐச் சொல்வார், ஆதரிக்கிறவர் 2ஐச் சொல்வார். உங்கள் கையிலிருந்து போவது 1.9.

3 ஆகஸ்ட் 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு வீட்டுக் கடன் பற்றி ஒரு தங்கை கேட்டது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஜூலை 9ஆம் தேதி ஓபிஆர் என்ற அடிப்படை வட்டி விகிதத்தை 3.00இலிருந்து 2.75க்குக் குறைத்தது. 0.25 புள்ளி. வட்டியில் 8 விழுக்காடு குறைந்துவிட்டது, தவணையும் 8 விழுக்காடு குறையும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். குறையாது தங்கை. நீங்கள் கட்டும் வட்டி ஓபிஆரைவிட அதிகம், தவணையில் அசலும் சேர்ந்திருக்கிறது. 1 லட்சம் வெள்ளி, 30 வருஷம், 4.25 விழுக்காடு என்றால் மாதம் சுமார் 492. 4.00 ஆனால் 477. மாதம் 15 வெள்ளி, 3 விழுக்காடு. பழைய கார் கடன், மோட்டார் கடன் எல்லாம் நிலையான வட்டி என்றால் அதில் ஒரு காசும் மாறாது.

5 ஆகஸ்ட் 2025

வெளிநாட்டுச் செய்தி படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். அமெரிக்காக்காரர்கள் காலாண்டு மாற்றத்தை, அதே வேகத்தில் ஒரு வருஷம் போனால் எவ்வளவு ஆகும் என்று பெருக்கிச் சொல்வார்கள். 2020 இரண்டாம் காலாண்டில் அங்கே மைனஸ் 31.4 என்று வந்தது, இங்கே மைனஸ் 17.1. அமெரிக்கா நம்மைவிட இரண்டு மடங்கு விழுந்தது என்று அப்போது பலர் பகிர்ந்தார்கள். நாம் சொல்வது போன வருஷத்து அதே காலாண்டோடு ஒப்பிட்டு. அந்த முறையில் பார்த்தால் அவர்கள் வீழ்ச்சி சுமார் 9. விழுந்தது நாம்தான் அதிகம்.

10 ஆகஸ்ட் 2025

சம்பளம். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், எல்லோரும் கோபமாக இருக்கிற விஷயம்.

நான் தோட்ட ஆபீசில் சம்பள ஏடான செக்ரோல் எழுதுகிறவள். குறைந்தபட்சச் சம்பளம் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த ஏட்டில் எல்லாப் பெயருக்கும் புது எண் போடுவது என் வேலை. 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2016இல் 1,000. 2019இல் 1,100. 2020இல் மாநகர, நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும் 1,200, மற்ற இடங்களில் 1,100. 2022 மேயில் எல்லாப் பகுதிகளுக்கும் 1,500. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700.

முதலில் 2022ஐப் பாருங்கள். ஒரே 1,500தான். 1,200இலிருந்து வந்தவருக்கு 25 விழுக்காடு ஏற்றம், 1,100இலிருந்து வந்தவருக்கு 36 விழுக்காடு. பேப்பரில் பார்த்தால் இரண்டாமவர் கொழித்த மாதிரி இருக்கும். இரண்டு வருஷமாக மாதம் 100 வெள்ளி குறைவாக வாங்கியவர் அவர். அடியில் இருந்தவருக்குத்தான் விழுக்காடு பெரிதாகத் தெரியும்.

"சம்பளம் விலைவாசிக்கு ஈடு கொடுக்கவே இல்லை" என்று இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அப்படிச் சொல்ல முடியாது. 900இலிருந்து 1,700 என்றால் 89 விழுக்காடு, வருஷத்துக்குச் சராசரி 5.4. அதே காலத்தில் விலைக் குறியீடு ஏறியது சுமார் கால் பங்கு. கணக்கு நமக்கு ஆகாத பக்கம் போகிறது என்பதற்காக மறைக்கக் கூடாது, நாம் மறைத்தால் அடுத்த முறை நாம் சொல்லும் சரியான கணக்கையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் சராசரி 5.4 என்பது எந்த வருஷத்திலும் யார் கைக்கும் வந்ததில்லை. ஏற்றம் வந்த மாதத்தில் ஒரே தாவல், அப்புறம் வருஷக்கணக்கில் 0. 2022 மேக்கும் 2025 பிப்ரவரிக்கும் நடுவில் சம்பளம் 1,500இலேயே நின்றது. விலையோ 2023இல் 2.5, 2024இல் 1.8. பெருக்கினால் 4.3. அந்த இரண்டு வருஷமும் வீட்டில் அரிசிப் பானையை வைத்தவர்களுக்கு 5.4 என்று சொல்லி என்ன பயன்?

இன்னொன்று, என் ஏட்டில் நான் கண்ணால் பார்த்தது. லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், நீண்ட நாள் ஆள், 1,900 வாங்கினார். புதிதாகச் சேர்ந்தவருக்கு அப்போது 1,500. பிப்ரவரியில் புதியவர் 1,700 ஆனார், 13.3 விழுக்காடு. அண்ணனுக்கு 50 வெள்ளி, 2.6 விழுக்காடு. அவர் என் மேசைக்கு முன் நின்று சம்பளச் சீட்டை இரண்டு முறை படித்தார். "பதிமூணு பெர்சென்ட் ஏறிச்சுன்னு பெரட்டுல சொன்னாங்களேம்மா" என்றார், காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். சொன்னது பொய் இல்லை, அது குறைந்தபட்சச் சம்பளத்தின் ஏற்றம், அவருடையது இல்லை. 400 வெள்ளியாக இருந்த இடைவெளி 250 ஆகிவிட்டது, அத்தனை வருஷ உழைப்புக்கு உள்ள மதிப்பு அந்த இடைவெளிதான். நாட்டுக் கணக்கில் அவர் இழந்தது எங்கேயும் பதிவாகாது, ஏனென்றால் அவர் சம்பளமும் ஏறித்தானே இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சம்பளப் பேச்சு நடக்கும்போது தொழிலாளி பக்கம் உட்காருகிறவர்கள் விழுக்காட்டோடு வெள்ளியையும் எழுதி வாங்குங்கள். யாருக்கு, எந்தத் தொகையின் மேல், எந்த மாதத்திலிருந்து, இந்த மூன்றும் காகிதத்தில் இருக்கட்டும்.

16 ஆகஸ்ட் 2025

நேற்று ஜிடிபி வந்தது, இரண்டாம் காலாண்டு 4.4. "நாடு 4.4 வளர்ந்தால் நானும் 4.4 வளர வேண்டுமே" என்று முதலில் கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார். அது நாட்டில் உற்பத்தியான மொத்தத்தின் அளவு, 2015 விலையில் வைத்துக் கணக்கிடுவது, அதனால் விலை ஏறியதால் வந்த வீக்கம் அதில் சேராது. அந்த வளர்ச்சி யார் கைக்குப் போனது என்று அதைக் கேட்கவே முடியாது. பினாங்கில் சிப் ஆலை அதிகம் ஏற்றுமதி செய்தாலும் ஏறும், ஜோகூரில் கட்டடம் எழுந்தாலும் ஏறும். நம் ஊரில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, ஓவர்டைம் இருக்கிறதா என்பதற்கு வேறு எண்களைப் பார்க்க வேண்டும்.

16 ஆகஸ்ட் 2025, பிற்பகல்

போன மாதத்தோடு ஏன் ஒப்பிடக் கூடாது என்றும் கேட்டார். ஒப்பிடலாம், ஆனால் பருவம் குழப்பும். செம்பனை பிப்ரவரி வாக்கில் குறைவாகக் காய்க்கும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை குலை குவியும். பிப்ரவரியோடு அக்டோபரை வைத்துப் பார்த்தால் எந்தத் தோட்டமும் அமோக வளர்ச்சிதான். அதனால்தான் போன வருஷத்து அதே மாதத்தோடு வைப்பது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு, பண்டிகை நகரும். 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு தெரிந்த அம்மா 2024 நவம்பர் விற்பனையைப் பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருந்தார், போன நவம்பரில் பாதிகூட இல்லை என்று. அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்துக் கூட்டச் சொன்னேன். கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

24 ஆகஸ்ட் 2025

ஓய்வு பெறப் போகிற ஒருவருக்காக. ஊழியர் சேமநிதியான இபிஎஃப் 2024க்கு 6.3 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது, பணவீக்கம் 1.8. உங்கள் பணத்தின் வாங்கும் சக்தி சுமார் 4.4 ஏறியது. 70ஐ ஆண்டு விழுக்காட்டால் வகுத்தால் ஒரு தொகை இரண்டு மடங்காக எத்தனை வருஷம் ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 6.3 தொடர்ந்து வந்தால் 11 வருஷம். விலை 1.8இல் ஏறிக்கொண்டே போனால் இரண்டு மடங்காக 39 வருஷம், 3இல் ஏறினால் 23. பணத்தை எடுத்து டின்னில் வைத்திருக்கிறவருக்கு இரண்டாவது கணக்கு மட்டும்தான் ஓடும். அவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்றிருந்தார், வேண்டியதை மட்டும் மாதாமாதம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முடிவு அவருடையது.

23 செப்டம்பர் 2025

ரோன்95 அறிவிப்பு வந்துவிட்டது, 30ஆம் தேதி முதல் தகுதியுள்ள மலேசியர்களுக்கு 1.99, மாதம் 300 லிட்டர் வரை. மற்றவர்களுக்கு அறிவித்த விலை 2.60. காலையிலிருந்து எல்லோரும் இதையே கேட்கிறீர்கள்.

2.05இலிருந்து 1.99 என்றால் 2.9 விழுக்காடு குறைவு. வெள்ளியில் பார்த்தால் லிட்டருக்கு 6 காசு. மோட்டாருக்கு மாதம் 20 லிட்டர் ஊற்றுகிறவருக்கு 1 வெள்ளி 20 காசு மிச்சம். காரில் ஈப்போவுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர் 150 லிட்டர் ஊற்றினால் 9 வெள்ளி. டீசல் கதையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 ஜூனில் தீபகற்பத்தில் அது 2.15இலிருந்து 3.35க்கு ஏறியது, 56 விழுக்காடு. அப்புறம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் பழைய 2.15க்குத் திரும்பவில்லை.

இந்த 6 காசு விலைக் கணக்கில் ஏறினால், ஒரு வருஷத்துக்கு ஆண்டு ஒப்பீட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். 2018 ஜூனில் ஜிஎஸ்டியை எடுத்தபோதும் இதைத்தான் பார்த்தோம். மேயில் 1.8 ஆக இருந்த பணவீக்கம் ஜூனில் 0.8 ஆனது. வரி எடுத்தது ஒரு நாள் வேலை, அதன் சாயல் எண்ணில் 12 மாதம் இருந்தது. விலை அப்படியே இருந்தால் 2026 அக்டோபரில் 1.99ஐ 1.99ஓடு ஒப்பிடுவார்கள், அப்போது இந்தக் குறைவு கணக்கிலிருந்து விழுந்துவிடும். அந்த மாதம் பணவீக்கம் ஏறியது என்று செய்தி வந்தால் முதலில் பெட்ரோல் ஸ்டேஷன் பலகையைப் பாருங்கள். அங்கே விலை அசையாமலே இங்கே எண் ஏறியிருக்கலாம். அப்புறம் உணவுப் பிரிவைத் தனியாகப் பாருங்கள், நமக்கு வேண்டியது அதில் இருக்கும்.